நடைபாலம் ஆடுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யானையே நடந்தாலும் தாங்கும்" என்று சொல்லி அதிர்வுக் கணக்கைத் தள்ளிவிடுவதுதான் முதல் தவறு. தாங்குவது வேறு, ஆடாமல் இருப்பது வேறு. வெண்ணாற்றிலோ குடமுருட்டியிலோ வெள்ளத்துக்குப் பயந்து நடுவில் தூண் வைக்காமல் ஒரே நீளமாக இரும்பு கர்டர் போடுகிறோம் என்று வையுங்கள். அதே கர்டரின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் இயல்பான அதிர்வெண் (தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்ற எண்) கால்வாசியாக இறங்கிவிடும். நாம் நடப்பதோ நொடிக்குச் சுமார் 2 காலடி. பாலமும் 2 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 2 ஆட்டம்) பக்கம் வந்துவிட்டால் ஒவ்வொரு காலடியும் ஆட்டத்தை வளர்க்கும்.

ஆடுகிறதே என்று மேலே இன்னும் கான்கிரீட் கொட்டுவார்கள். விறைப்பு கூடாமல் எடை மட்டும் கூடினால் அதிர்வெண் இன்னும் இறங்கும், 2.5-ல் இருந்தது சரியாக 2-க்கு வந்து நிற்கும்!

பக்கவாட்டு ஆட்டத்தை மறப்பது இன்னும் மோசம். இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறுபக்கம் தள்ளுவதால் அங்கே கணக்கு பாதி, சுமார் 1 ஹெர்ட்ஸ். லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10-ல் திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டது இதனால்தான். யாரும் அணிவகுத்துப் போகவில்லை. பாலம் லேசாக அசைய, விழாமலிருக்க மக்கள் கால் மாற்றி வைக்க, அந்த நடையே அசைவைப் பெருக்கியது. டேம்பர்கள் (ஆட்டத்தை உறிஞ்சி அடக்கும் கருவிகள்) பொருத்தி 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

நாலு பேரை நடக்கவிட்டு "சரி, ஓகே" என்பதும் நம்மூரில் செல்லாது. ஆடிப்பெருக்கன்று பாலத்தில் நிற்க இடமிருக்காது. சாமி புறப்பாட்டில் தவிலுக்கு ஏற்பக் கால் வைத்துப் பல்லக்குத் தூக்கி வருபவர்கள்தான் உண்மையான சோதனை.

அப்புறம், டேம்பரை வரைபடத்தில் கணக்கிட்ட அதிர்வெண்ணுக்கே டியூன் செய்துவிடுவதும் தவறு. பேரிங் (கர்டர் உட்காரும் தாங்கி), கைப்பிடி, வண்டல் மண்ணில் இறங்கிய அஸ்திவாரம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணை மாற்றும். கட்டி முடித்ததும் அளக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு, பாலத்தின் நடுவில் செல்போனை வைத்து அதிலுள்ள முடுக்கமானியில் (அசைவை அளக்கும் உணரி) பதிந்தாலே ஓரளவு தெரியும். டேம்பரைத் தளத்துக்குக் கீழே தொங்கவிட்டால் ஐப்பசி வெள்ளத்தில் வரும் ஆகாயத்தாமரை அதில்தான் சிக்கும். உயரத்தைப் பார்த்து வையுங்கள், ஆள் போய்ப் பார்க்க வழியும் விடுங்கள்.