நினைவு மலருக்குச் செயற்கை நுண்ணறிவைப் பாவிக்கும் முன்

கொழும்பு வெள்ளவத்தையில் இறந்தவர்களுக்கான நினைவு மலர் வடிவமைக்கிறேன். 31ஆம் நாளுக்குள் அச்சாகி வரவேண்டும் என்ற அவசரத்தில் வீட்டார் மங்கிய படம், மரணச் சான்றிதழ், சிலவேளை ஆஸ்பத்திரித் துண்டு வரை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். அவற்றை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு வாழ்க்கைக் குறிப்பு கேட்காதீர்கள். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரைவிலக்கணப்படி இறந்தவரின் விவரங்களும் தனிப்பட்ட தரவுதான்.

வீட்டாரிடம் கேட்டுவிட்டு, தேவையானதை மட்டும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிறந்த திகதியை மறைத்துவிட்டு அடையாள அட்டை எண்ணை விட்டுவைத்தால் பிரயோசனமில்லை. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அப்புறம் சாட்ஜிபிடியின் அமைப்புகளில் (Settings) தரவுக் கட்டுப்பாட்டுக்குள் (Data controls) போய், உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

படத்தில்தான் மிகக் கவனம் வேண்டும். ஒரு அம்மாவின் பழைய அடையாள அட்டைப் படத்தைத் தெளிவாக்கக் கொடுத்தேன், முகம் பளிச்சென்று வந்தது, எனக்கே சந்தோஷமாக இருந்தது. மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாட மறு எங்க?" என்றார். இடக்கண்ணுக்குக் கீழே இருந்த மறுவை அழுக்கென்று எடுத்து இயந்திரம் துடைத்திருந்தது. அன்றிலிருந்து மூலப்படத்தையும் திருத்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. இறந்தவரைப் பேச வைக்கும் வீடியோ கேட்டால், வீட்டில் எல்லோரும் சம்மதமா என்று கேளுங்கள். ஒருவர் தயங்கினாலும் செய்யாதீர்கள்.

'மனைவி புலம்பல்', 'மக்கள் புலம்பல்' என்று மலரில் பாட்டுப் போடுவது நம் வழக்கம். முன்பும் புலவர்தான் எழுதிக் கொடுத்தார், சரி, ஆனால் அவர் வீட்டுக்கு வந்து இருந்து கதை கேட்டு எழுதினார். நீங்களும் மகளிடம் நாலு வரி கேட்டு வாங்குங்கள், இயந்திரத்திடம் எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அது முழுதாக எழுதிய பாட்டுக்கு யார் பெயரையும் போடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் ஆக்கியோன் என்றால் மனிதர்தான்.

மலரைக் கையில் கொடுத்த அன்றே அந்த உரையாடலையும், கைத்தொலைபேசியிலும் கணினியிலும் கிடக்கும் சான்றிதழ்ப் படங்களையும் அழித்துவிடுங்கள். மூலப்படத்தை மட்டும் வீட்டாரிடம் திருப்பிக் கொடுங்கள்.