பழைய துப்பாக்கி வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

விலை பேசுவதற்கு முன் காகிதம். விற்பவரின் உரிமத்தில் பதிவாகியிருக்கும் வரிசை எண்ணையும் துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிடப் பளபளப்பாகவோ குழிந்தோ இருந்தால் அதை அரம் தொட்டிருக்கலாம். அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். உங்கள் உரிமம் இந்த வகைக்கும் இந்தத் தோட்டா அளவுக்கும் செல்லுமா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கையில் வாங்கியதும் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியை, கழற்றுங்கள். அதன் பிறகுதான் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினில் உள்ள தோட்டா, சுடும்போது அது உட்காரும் அறைக்குள் ஏறிவிடும். அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். விற்பவர் இப்போதுதான் காட்டினார் என்றாலும் சரி.

காசு போவதும் மிஞ்சுவதும் குழலில்தான். உள்ளே எண்ணெயும் கரியும் இருந்தால் குழிகள் மறைந்துவிடும். அதனால் உலர்ந்த துணியை ஒருமுறை உள்ளே செலுத்தி எடுக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்க அவசரப்பட வேண்டாம். பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பார்க்கும்போது ரைபிளின் உள்சுவரில் சுருளாக ஓடும் திருகு வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அறையை ஒட்டிய பகுதியில் மட்டும் வரி மங்கியிருந்தால் அதிகம் சுட்ட குழல். உள்ளே ஒரு கரிய வளையம் தெரிந்தால் வெளிப்புறத்தில் அதே இடத்தை விரல்களால் வருடிப் பாருங்கள். மேடு தட்டினால் குழலில் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டு வீங்கியிருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய ராணுவ ரைபிள்களில் சொறிபிடித்த குழிகள் சாதாரணம். அக்காலத்து பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து, ஈரத்தை இழுக்கும் உப்பாகப் படிந்ததன் விளைவு அது. லேசான குழிகளோடும் நன்றாகச் சுடும் குழல்கள் உண்டு. ஆனால் குழல் வாயின் விளிம்பு நெளிந்திருந்தால் குறி சிதறும். அதை மறுபடி வெட்டிச் சீர்செய்யலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

போல்ட் ரைபிளில் தோட்டாவின் அடிப்பாகத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கேஜ் என்னும் அளவுக்கட்டை வைத்துத்தான் சொல்ல முடியும். சரியான அளவுள்ள 'கோ' கேஜில் போல்ட் மூட வேண்டும், அதைவிடச் சற்று நீண்ட 'நோ-கோ'வில் மூடக் கூடாது. கண்மதிப்பு இங்கே உதவாது. துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இரட்டைக்குழல் துப்பாக்கியில் குழலின் அடியில் உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலைப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. குழலைத் திறக்கும் மேல் நெம்புகோல் நடுக்கோட்டுக்கு வலப்புறம் நின்றால் நல்லது. இடப்புறம் தாண்டியிருந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது. இன்னொன்று, மிகப் பழையவற்றில் அறையின் நீளம் 65 மி.மீ.தான் இருக்கும். 70 மி.மீ. தோட்டா அதிலும் நுழையும், சுடும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்ததால் முறுக்குக் கோலம் தெரியும் டமாஸ்கஸ் குழல் என்றால் சுவரில் மாட்ட மட்டும் வாங்குங்கள், சுட அல்ல.

ரிவால்வரில் குதிரையை (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) மெல்லப் பின்னுக்கு இழுத்தபடி உருளையை விரலால் லேசாகத் தடுத்துப் பிடியுங்கள். குதிரை நிற்பதற்குள் உருளை பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஒன்றிரண்டு மட்டும் பிந்துவதுண்டு. உருளைக்கும் குழலுக்கும் இடையே 0.1 முதல் 0.2 மி.மீ. இருந்தால் நல்ல நிலை, 0.3ஐத் தாண்டினால் விட்டுவிடலாம்.

சேஃப்டியைச் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். சேஃப்டி போட்டு விசையை அழுத்தி, விரலை எடுத்துவிட்டுச் சேஃப்டியை விடுவியுங்கள். அந்த நொடியில் 'டிக்' என்று விழுந்தால் விசையில் யாரோ கைவைத்திருக்கலாம். திருகுகளின் பிளவு சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இதே கதையைத்தான் சொல்லும்.

வெளிப்பூச்சு கடைசி. எழுத்துகள் மங்கி, விளிம்புகள் உருண்டு, திருகுத் துளைகள் தட்டுபோலக் குழிந்திருந்தால் அது தேய்த்து மறுபூச்சு கண்டது. நிறம் தேய்ந்தாலும் கூர்மை குலையாத பழைய பூச்சே மேல். கட்டையில் கை பிடிக்கும் ஒல்லியான மணிக்கட்டுப் பகுதியையும் இரும்பு மரத்தைத் தொடும் இடத்தையும் மயிரிழை விரிசலுக்காகப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்த மரம் அங்கேதான் முதலில் பிளக்கும்.