இந்தியத் தூதரகத்தை அணுகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்திடம் உதவி கேட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. காலம் கடந்து போயிருப்பார்கள், அல்லது தூதரகத்தின் அதிகாரத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டிருப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது எங்கெங்கே என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலேயே குழப்பம் வருகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அபுதாபி, அல் ஐன் பகுதிகளுக்கு அபுதாபியில் உள்ள தூதரகமும், துபாய், சார்ஜா உள்ளிட்ட மற்ற எமிரேட்களுக்குத் துபாயில் உள்ள துணைத் தூதரகமும் பொறுப்பு. பாஸ்போர்ட் புதுப்பிப்பு போன்ற வழக்கமான விண்ணப்பங்களைப் பல நாடுகளில் தூதரகம் நியமித்த சேவை மையங்களே வாங்கிக்கொள்வதால், எங்கே கொடுக்க வேண்டும் என்று தூதரக இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது ஒரு நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தும்.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் பலர் நேராகத் தூதரகத்துக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்க வேண்டும். உடனே ஊர் திரும்ப வேண்டியவருக்குத் தூதரகம் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட் இந்தியாவுக்கு ஒருவழிப் பயணம் செய்வதற்கு மட்டுமே உதவும். அதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது. விசாவும் பழைய பாஸ்போர்ட்டோடு போய்விட்டதால், நாட்டைவிட்டு வெளியேற அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் அனுமதியும் தேவைப்படலாம். விமானச் சீட்டை முந்திக்கொண்டு வாங்குவது அதனால்தான் நஷ்டத்தில் முடிகிறது.

கைது விஷயத்தில் நேரும் தவறு இன்னும் கனமானது. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36ஆவது பிரிவின்படி, கைது செய்யப்பட்ட வெளிநாட்டவரிடம் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்பதைக் காவல்துறை தாமதமின்றிச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷன் ஜாதவின் வழக்கில் அந்நாடு இந்தப் பிரிவை மீறியதாகச் சர்வதேச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆனால் இது தானாக நடந்துவிடும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. பொதுவாகக் கைதானவர் கேட்டால்தான் தகவல் தூதரகத்துக்குப் போகும். தகவல் தெரிந்த பிறகு அதிகாரிகள் சிறையில் வந்து பார்க்கலாம், வழக்கறிஞர் கிடைக்க உதவலாம், குடும்பத்துக்குச் செய்தி சொல்லலாம். வழக்கைத் தள்ளுபடி செய்ய வைக்கவோ தண்டனையைக் குறைக்கவோ அவர்களால் முடியாது. 'தூதரகத்தில் நமக்கு ஆள் இருக்கிறார், வெளியே எடுத்துவிடலாம்' என்று சொல்லும் இடைத்தரகரிடம் நகையை அடகுவைத்துப் பணம் கொடுக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் பதறுகிறது. உண்மையிலேயே வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி, சிறு குற்றங்களுக்கான அபராதம், ஊர் திரும்ப விமானச் சீட்டு ஆகியவற்றைத் தூதரகமே தர இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. அதற்கு எந்தத் தரகரும் தேவையில்லை.

ஊரில் உள்ள நிலத்தையோ வீட்டையோ விற்க அண்ணனுக்கோ அப்பாவுக்கோ பவர் பத்திரம் அனுப்புகிறவர்கள் செய்யும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பிய பத்திரத்தைச் சார்பதிவாளர் ஏற்கமாட்டார். தூதரக அதிகாரி முன்னிலையிலோ, சட்டம் ஏற்கும் நோட்டரி போன்றவர் முன்னிலையிலோ கையெழுத்திட்டுச் சான்று பெற்றிருக்க வேண்டும். வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனால் மறுபடியும் தட்டச்சு செய்துவரச் சொல்வார்கள். பெயரிலும் கவனம் வேண்டும்: தாய்ப்பத்திரத்தில் 'சு. முருகன்' என்றும், பாஸ்போர்ட்டில் 'முருகன் சுப்பையா' என்றும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று பவர் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் நினைவிலிருந்து எழுதாமல், பத்திரத்தைப் பார்த்து எழுத வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பீரோவுக்குள் ஆறு மாதம் கிடந்த பவர் பத்திரத்தால் விற்பனையே நின்றுபோகலாம்.

வெளிநாட்டில் குழந்தை பிறந்தால், மருத்துவமனைச் சான்றிதழ் கைக்கு வந்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. 2004 டிசம்பர் 3ஆம் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தை வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை பெற, பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். அதைத் தவறவிட்டால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும்.

வேலைக்குப் போகிறவர்கள் சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பக் கூடாது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட் உள்ளவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளம் வழியாக முறையாகப் போனால், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் சேர்க்கப்படுகிறார்கள். சுற்றுலா விசாவில் போகிறவருக்கு அந்தக் காப்பு இல்லை. மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லித்தான் அங்கே பலரைக் கொண்டுபோனார்கள். வேலைக் கடிதம் உண்மையானதா என்று அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதற்குச் செலவே இல்லை.

ஏற்றுமதியாளர்களும் இதே தாமதத்தைச் செய்கிறார்கள். சரக்கை அனுப்பிப் பணம் வராமல் போன பிறகு எழுதினால், தூதரகத்தின் வர்த்தகப் பிரிவு பேச்சுவார்த்தைக்கு முயலலாமே தவிர, கடனை வசூலித்துத் தர முடியாது. வாங்குபவர் யார் என்று அனுப்புவதற்கு முன்பே அந்தப் பிரிவிடம் விசாரித்து, பணம் வராமல் போனால் ஈடுகட்டும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் காப்பீடும் எடுத்துக்கொள்வதே சரி.

தூதரகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை என்றால், மறுபடியும் மறுபடியும் தொலைபேசியில் அழைப்பதை விட, வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் எண், நிறுவனத்தின் பெயர், சம்பவம் நடந்த தேதி, ஊரில் உள்ள உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை முதல் புகாரிலேயே முழுமையாகக் கொடுத்து, கிடைக்கும் பதிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பிறகு எழுதும் எல்லாக் கடிதங்களிலும் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.