பட்டை அளக்க நாடா வேண்டாம், உருட்டுத் தட்டு போதும்

மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை வெட்டும்முன் சுற்றளவை நாடாவால் எடுக்காதீர்கள். 15 முதல் 20 செ.மீ. விட்டமுள்ள ஒரு தகரத் தட்டின் நடுவில் ஆணி கோத்துக் கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். தட்டின் விளிம்பில் ஒரு சுண்ணாம்புக் கோடு, வட்டையில் (சக்கரத்தின் மர விளிம்பில்) ஒரு கோடு. இரண்டையும் நேர்வைத்து, வழுக்காமல் ஒரு முழுச் சுற்று உருட்டி, தட்டு எத்தனை முறை சுழன்றது என எண்ணுங்கள். மிச்சத்தைத் தட்டிலேயே குறியுங்கள். பிறகு அதே தட்டைப் பட்டையின் உட்புறம் உருட்டுங்கள்.

வளையத்தின் உட்புறத்தில் நாடா படியாது. மரத்தையும் இரும்பையும் ஒரே தட்டு அளப்பதால், தட்டின் விட்டம் துல்லியமாக இல்லாவிட்டாலும் வித்தியாசம் சரியாகவே கிடைக்கும். நமக்குத் தேவை அந்த வித்தியாசம்தான்.

பட்டையைச் சூடாக்கி விரித்துத்தான் சக்கரத்தில் ஏற்றுகிறோம்; குளிர்ந்ததும் அது சுருங்கி இறுகும். அப்படியானால் பட்டை மரத்தைவிட எவ்வளவு சிறியதாக இருக்கலாம்? 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் இரும்பு மீட்டருக்குச் சுமார் 1.2 மி.மீ. நீளும். 1.2 மீட்டர் விட்டச் சக்கரத்தில் 300 டிகிரி ஏற்றினால் பட்டையின் சுற்றளவு 13 மி.மீ. சொச்சம் நீளும். அதற்கு மேல் குறைத்தால் பட்டை ஏறாது. அந்த எல்லை வரை குறைப்பதும் தவறு: குளிரும்போது ஆரக்கால்கள் வளைந்துவிடும்.

வட்டைத் துண்டுகளுக்கிடையே இடைவெளி இருந்தால் தட்டு அதையும் சேர்த்தே அளந்துவிடும். மொத்த இடைவெளியைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆரக்கால் குடத்தில் (சக்கரத்தின் நடுக்கட்டையில்) ஆடும் சக்கரத்துக்கும், ஈரம் ஏறிய மரத்துக்கும் இந்த அளவு உதவாது. முன்னதை இறுக்கிவிட்டு, பின்னதை நன்றாக உலரவிட்டு அளக்க வேண்டும்.