பவர் பேங்க் வாங்கும்போது வாட்-அவரைப் பாருங்கள்

ஊருக்குப் போகிறவர்கள் பையில் ஒரு பவர் பேங்க் இருப்பது நல்லதுதான். நீண்ட பயணம், விமானம் மாறக் காத்திருக்கும் நேரம், போய் இறங்கிய பிறகு கரண்ட் போகும் வேளை எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும். ஆனால் வாங்கும்போது பலரும் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 10,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்), 20,000 எம்ஏஎச் என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிக் கணக்கு. எத்தனை வோல்ட்டில் என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

உள்ளே இருப்பவை லித்தியம் செல்கள். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், தீரும் தறுவாயில் ஏறக்குறைய 3, சராசரியாக 3.7. பெட்டியில் உள்ள எம்ஏஎச் இந்த 3.7 வோல்ட்டுக்குப் போட்ட கணக்கு. யூஎஸ்பி வழியாக வெளியே வருவது வழக்கமாக 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். வோல்டேஜைக் கூட்டினால் எம்ஏஎச் இறங்கத்தான் செய்யும். 10,000 என்பது 5 வோல்ட்டில் 7,400 ஆகிவிடும். கூட்டித் தரும் சர்க்யூட் கொஞ்சத்தைச் சூடாக வீணாக்குவதால் கடைசியில் கிடைப்பது 6,000 சொச்சம். இந்த எண்ணும் பல பவர் பேங்க்குகளின் பின்பக்கத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று பொடி எழுத்தில் இருக்கும். யாரும் படிப்பதில்லை.

இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் வாட்-அவரில், அதாவது உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலின் அளவில், கணக்குப் போடுங்கள். எம்ஏஎச்சை 1,000-ஆல் வகுத்து, வோல்ட்டால் பெருக்கினால் போதும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 37 வாட்-அவர். 5,000 எம்ஏஎச் போன் சுமார் 19. இழப்புகள் போக, போனை ஒன்றரை முறை நிரப்பலாம்; இரண்டு முறை நடக்காது.

விமான நிறுவனங்கள் கேட்பதும் வாட்-அவர்தான். 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111, அங்கே சிக்கல் தொடங்குகிறது. எந்த அளவானாலும் கைப்பையில்தான். சூட்கேஸில் வைத்து செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. பறக்கும்போது பயன்படுத்துவதற்கும் இப்போது கட்டுப்பாடு வந்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் முதலும் அதைத் தடுத்திருக்கின்றன. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான். புறப்படுவதற்கு முன் உங்கள் விமான நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். வாட்-அவரோ வோல்ட்டோ அச்சிடாத, எழுத்து அழிந்த பவர் பேங்க்கைச் சோதனையில் பறித்துக்கொண்டால் வாதாட முடியாது.

மலிவாக வரும் 50,000 எம்ஏஎச் சரக்கை எடை பார்த்தே பிடித்துவிடலாம். விரல் தடிமனில் இருக்கும் நல்ல உருளைச் செல் ஒன்று 3,500 எம்ஏஎச் போலத் தரும். எடை 45 முதல் 50 கிராம். அப்படிப் பார்த்தால் 50,000-க்குப் பதினைந்து செல் வேண்டும், செல்கள் மட்டுமே 700 கிராம். கையில் 250 கிராம்தான் கனக்கிறது என்றால் பெட்டி பொய் சொல்கிறது. உண்மையாகவே 50,000 இருந்தாலோ அது 185 வாட்-அவர், விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்!

அடுத்தது எந்தச் சாதனத்துக்கு எந்த வோல்டேஜ். ஆம்பியர் கூடுதலாக எழுதியிருந்தால் பயமில்லை, சாதனம் தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். வோல்டேஜ் பொருந்தியே ஆக வேண்டும். யூஎஸ்பி-சி பவர் டெலிவரியில் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என்று தாங்களே முடிவு செய்யும். அதனால் லேப்டாப்புக்கு 20 வோல்ட்டில் 45 அல்லது 65 வாட் தரும் பவர் பேங்க்காகப் பார்த்து எடுங்கள். சார்ஜர் முனை உருண்டையாக இருக்கும் சாதனங்களுக்கு இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. பழைய லேப்டாப் பலவற்றுக்கு 19 வோல்ட் வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்குப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் சிபாப் இயந்திரம் சிலவற்றில் 12, சிலவற்றில் 24. முனை உள்ளே போகிறதே என்று செருகிவிடக் கூடாது. சாதனத்தின் அடியில் 'இன்புட்' என்ற வரியைப் படித்த பிறகே பேட்டரி வாங்க வேண்டும்.

சுவர் கரண்ட்டும் இதே கதைதான். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், கனடாவிலும் அமெரிக்காவிலும் 120. போன், லேப்டாப் சார்ஜரில் பெரும்பாலும் 100–240 என்று இருக்கும், அதற்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் போட்ட ஹேர் டிரையரை இந்தியாவிலோ இலங்கையிலோ செருகினால் புகைந்துவிடும். பிளக் மாற்றி வோல்டேஜைக் குறைக்காது.

அப்புறம், இயர்போன், கைக்கடிகாரம் போன்றவை இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்க்குகள் சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தாமாகவே அணைந்துவிடும். குறைந்த கரண்ட் மோட் இருந்தால், பல மாடல்களில் பட்டனை இருமுறை அழுத்தினால் அது இயங்கும்.