நீலகிரிக் கட்டுமானத்தில் டிஜிட்டல் கருவிகள்: பணத்தைத் தின்னும் தவறுகள்

டோட்டல் ஸ்டேஷன் (நில அளவைக் கருவி), ட்ரோன், சைட் ஆப், சென்சார் என்று எதை வாங்கினாலும், அது சமவெளிக்கான செட்டிங்கோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வரும். கடல்மட்டக் காற்றழுத்தம், மிதமான வெப்பம், தட்டையான மனை, நாள் முழுக்க சிக்னல். ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டி. அந்த நான்கில் ஒன்றும் இங்கே பொருந்தாது. செட்டிங்கை மாற்றாமல் வேலையைத் தொடங்கினால் கருவி எந்த எச்சரிக்கையும் தராது. தப்பான எண்ணை மூன்று தசம இடம் வரை கூசாமல் காட்டும்.

அளவையில் நடப்பவை

டோட்டல் ஸ்டேஷன் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்று மெலிந்தால் ஒளி கொஞ்சம் வேகமாகப் போகும், தூரம் குறைவாக விழும். ஊட்டியில் காற்றழுத்தம் 770–780 ஹெக்டோபாஸ்கல்தான். கருவியில் இருப்பதோ பெரும்பாலும் 1013. 15 டிகிரியில் இந்த வித்தியாசம் 100 மீட்டருக்கு 7 மில்லிமீட்டர். பத்து சென்ட் மனைக்கு இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் எஸ்டேட் ரோட்டுக்கு 7 செ.மீ. என்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இதைச் சரிசெய்யப் போய் இன்னொரு குழியில் விழுவார்கள். போனில் வானிலை ஆப்பைத் திறந்து, அதில் காட்டும் 1012, 1015-ஐ அப்படியே கருவியில் போடுவது. அது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட அழுத்தம். சைட்டின் அழுத்தம் அல்ல. போனில் பாரோமீட்டர் இருந்தால் அதன் நேரடி அளவைப் போடுங்கள். இல்லையென்றால் உயரத்தைக் கொடுத்து அழுத்தத்தைக் கணக்கிடும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆர்.டி.கே. ஜி.பி.எஸ். (சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் இதைவிடப் பெரிது. யூ.டி.எம். என்ற உலக வரைபடக் கட்டத்தில் வரும் ஆயத்தொலைவுகள் தரையிலிருக்கும் தூரத்தைக் காட்டுவதில்லை. பூமியின் கணிதப் பரப்புக்கு இறக்கிய தூரத்தையே காட்டுகின்றன. ஊட்டி உயரத்தில் இதனால் 100 மீட்டருக்குச் சுமார் 3 செ.மீ. குறையும். ஜி.பி.எஸ்.ஸில் பாயின்ட் வைத்து, டேப்பிலும் டோட்டல் ஸ்டேஷனிலும் தூண் மார்க் செய்தால் இரண்டும் ஒத்துப்போகாது. பழி மேஸ்திரி தலையில் விழும், அவர் டேப் பிடித்தது சரியாகவே இருக்கும். சைட்டுக்கென்று ஒரு லோக்கல் கட்டம் அமைத்து, தரை அளவுக்கு ஸ்கேல் மாற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டும். சென்னையில் தயாரித்த டெம்ப்ளேட்டில் யூ.டி.எம். மண்டலம் 44 என்று இருக்கும். நீலகிரியும் பழனி மலையும் 43-இல் வரும். இதையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

உயரத்திலும் கவனம் தேவை. ஜி.பி.எஸ். தரும் மூல உயரம் கடல்மட்ட உயரம் அல்ல. நம் பகுதியில் இரண்டுக்கும் இடையே சுமார் 90 மீட்டர் வித்தியாசம், ஜி.பி.எஸ். குறைவாகக் காட்டும். 90 மீட்டர் தப்பு எவர் கண்ணிலும் பட்டுவிடும். கண்ணில் படாதது, இரண்டு குழுக்கள் வெவ்வேறு ஜியாய்டு மாதிரியை (ஜி.பி.எஸ். உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் கணக்கு) போட்டு அளக்கும்போது வரும் சில டெசிமீட்டர் வேறுபாடு. வடிகால் சரிவு தலைகீழாகிப் போக அது போதும். சைட்டில் அசையாத ஒரு பாறையில் பெஞ்ச் மார்க் வெட்டி, எல்லாரும் அதிலிருந்தே லெவல் எடுக்கட்டும்.

யூகலிப்டஸ், சில்வர் ஓக் நிழலில் திரையில் ‘ஃபிக்ஸ்’ (துல்லிய நிலை) வராமல் ‘ஃப்ளோட்’ (தோராய நிலை) என்று நின்றால் பாயின்ட் எடுக்கவே கூடாது. போன் ஜி.பி.எஸ். வைத்து எல்லை பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். புல வரைபடமும் சர்வேயர் கல்லும் இல்லாமல் வேலி போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பனியில் நின்ற கருவியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் திறந்தால் லென்ஸுக்குள் ஈரம் பூக்கும். மூடிய பெட்டியோடு அரை மணி நேரமாவது விட்டுவிட்டுத் திறக்க வேண்டும்.

ட்ரோன் பார்ப்பது தேயிலையை, மண்ணை அல்ல

தேயிலைச் சரிவில் ட்ரோன் படமெடுத்து மண் வெட்டும் அளவைக் கணக்கிடுவது இப்போது சகஜமாகிவிட்டது. கேமரா பார்ப்பது செடியின் மேல்தளத்தை. கவாத்து செய்து மேஜைபோல் அடர்ந்து நிற்கும் செடிக்கு நடுவே தரை தெரியாது. செடி 70 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். இருபது சென்ட், அதாவது சுமார் 809 சதுர மீட்டர் முழுக்கச் செடி இருந்தால், 566 கன மீட்டர் மண் கணக்கில் கூடுதலாக ஏறிவிடும். நம் கணக்கில் 200 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இல்லாத மண்ணுக்கு டிப்பர் வாடகை பேசி, காண்ட்ராக்ட்டும் எழுதிவிடுவார்கள். செடி வரிசைகளுக்கு இடையே பிரிஸம் கம்பை (ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி பொருத்தியது) நட்டு டோட்டல் ஸ்டேஷனில் 5 மீட்டருக்கு ஒரு தரைப் புள்ளி எடுத்து, ட்ரோன் பரப்பைக் கீழே இறக்குங்கள். செடியை அகற்றிய பிறகு பறக்கவிடுவது இன்னும் நல்லது.

பறக்கும் உயரமும் ஏமாற்றும். சரிவின் அடியிலிருந்து 60 மீட்டர் உயரம் வைத்துப் பறக்கவிடுகிறீர்கள், தரை 40 மீட்டர் ஏறுகிறது. மேல் முனையில் ட்ரோனுக்கும் தரைக்கும் 20 மீட்டர்தான். கீழே 75 சதவீதமாக இருந்த பட மேற்பொருந்தல் (அடுத்தடுத்த படங்களில் ஒரே இடம் பதியும் பங்கு) அங்கே 25 ஆகச் சுருங்கி, மாடல் கிழியும். அதற்கு முன்பே சில்வர் ஓக் மரம் ட்ரோனைப் பிடித்துக்கொள்ளாமல் இருந்தால் அதிர்ஷ்டம். தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் முறையைப் போடுங்கள்; அது இல்லாத ட்ரோன் என்றால் சரிவை மூன்று படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனியாகப் பறக்கவிடுங்கள்.

வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் முதுமலையும் இருக்கும் மாவட்டம் இது. ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் மண்டல நிறத்தைப் பார்க்காமல் பெட்டியைக்கூடத் திறக்க வேண்டாம்.

சென்ட்ரிங் பிரிக்கும் தேதியை ஆப் சொல்லக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். திட்டமிடும் ஆப்களில் ஸ்லாப் போட்ட ஏழாம் நாள் ‘முட்டு எடுக்கலாம்’ (சென்ட்ரிங்கைத் தாங்கும் கம்பங்களை அகற்றலாம்) என்று தானாக வந்து நிற்கும். அந்த ஏழு, இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐ.எஸ். 456:2000-இல் இருந்து வந்தது: தாங்கல்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாப்புக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். அதே விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டாக இருக்க வேண்டும், சுற்றுப்புற வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் விடியற்காலை புல்வெளியெல்லாம் உறைபனி. நம் சைட்டுகளில் இறங்குவதும் பெரும்பாலும் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமென்ட்) மூட்டைகள், அவை இன்னும் மெதுவாக இறுகும். இரண்டு நிபந்தனையும் போய்விட்டன, ஆப்பில் ஏழு மட்டும் அப்படியே நிற்கிறது.

கான்கிரீட் வலுவைத் தோராயமாக வெப்பம் பெருக்கல் நேரம் என்று பார்க்கலாம். சராசரி 28 டிகிரியில் 7 நாள் என்பது 196 டிகிரி-நாள். கான்கிரீட்டுக்குள் சராசரி 12 டிகிரிதான் என்றால் அதே கணக்கை எட்ட 16 நாள் ஆகும். அடிப்படை வெப்பத்தை (கான்கிரீட் இறுகுவது நிற்கும் வெப்பம்) பூஜ்ஜியத்துக்குப் பதில் மைனஸ் 10 என்று எடுத்தாலும் 12 நாள். எப்படிப் பார்த்தாலும் ஏழு இல்லை.

இதற்கு ஸ்லாப்புக்குள் வெப்பச் சென்சார் வைப்பது உண்மையிலேயே பயனுள்ள செலவு. ஆனால் நடு ஸ்லாப்பில் மட்டும் வைத்தால் நல்ல செய்தியே வரும். காற்று அடிக்கும் ஓரத்திலும், மெல்லிய சன்ஷேடிலும் ஒவ்வொன்று வையுங்கள். குளிர்ந்த முனை காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். வலுச் சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் க்யூப் விஷயத்திலும் இதே கதை. லேப் தொட்டியில் க்யூப் 27 டிகிரித் தண்ணீரில் சொகுசாக இருக்கும், உங்கள் ஸ்லாப் பனியில் கிடக்கும். முட்டு எடுப்பதை முடிவு செய்ய, ஸ்லாப்புக்குப் பக்கத்திலேயே அதே சாக்கைப் போர்த்தி வைத்த மூன்று க்யூப்களைத் தனியாக உடைத்துப் பாருங்கள்.

ஆப், வாட்ஸ்அப், வருகைப் பதிவு

பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் சிக்னல் போய்விடும். சிக்னல் இல்லாமல் திறக்காத ஆப்பை மலையில் வாங்கவே கூடாது. வாங்குமுன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு படம், ஒரு அளவு, ஒரு சரக்கு வரவு பதிந்து பாருங்கள். மூன்றும் நிற்கிறதா, சிக்னல் வந்ததும் இரட்டைப் பதிவு இல்லாமல் ஏறுகிறதா? விற்பவர் ஆபீஸில் வைஃபையில் காட்டும் டெமோ எதையும் நிரூபிக்காது.

வரைபடத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு எண்கள் மங்கிவிடும், இடமும் நேரமும் அழிந்துபோகும். பி.டி.எஃப். ஆக, டாக்குமென்ட் வழியில், கோப்பின் பெயரிலேயே ஆர்-2, ஆர்-3 என்று திருத்த எண்ணோடு அனுப்புங்கள். பழைய தாளை மேஸ்திரி கையிலிருந்து வாங்கிக் கிழித்தால்தான் புதியது அமலுக்கு வரும்.

கைரேகைக் கருவி சிமென்ட் தின்ற விரலைப் படிக்காது. முக அடையாளத்துக்குக் காலை ஏழு மணிக்குக் குல்லாவையும் மப்ளரையும் கழற்றச் சொல்ல வேண்டும். பேர் போட்டு டிக் அடிக்கும் பட்டியலே போதும்.

தடுப்புச் சுவரில் சென்சார்

2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. எனவே தடுப்புச் சுவரில் சாய்வுச் சென்சார் பொருத்தும் ஆசை புரிகிறது. ஆனால் பின்புறம் ஜல்லி வடிகட்டியும், நீர் வடியும் துளைகளும் இல்லாத சுவரில் சென்சார் வைத்தால், சுவர் விழுவதை நேரலையில் பார்க்கலாம், அவ்வளவுதான். முதல் செலவு வடிகாலுக்கு.

சென்சார் வைத்த பிறகும், வெயிலுக்கும் இரவுக்கும் உலோகம் நீண்டு சுருங்குவதால் எண் தினமும் ஏறி இறங்கும். இரண்டு வாரம் மழையில்லாத நாட்களில் பதிந்து, அந்தத் தினசரி ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே எச்சரிக்கை வரம்பைக் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் நள்ளிரவில் பத்துமுறை அலாரம் அடித்து, மூன்றாம் நாள் யாரோ அதை ஆஃப் செய்துவிடுவார்கள்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நீலகிரிக்கு நிலச்சரிவு முன்னறிவிப்பு தருகிறது. அது வட்டார அளவிலானது. உங்கள் சுவரைப் பற்றி அதற்குத் தெரியாது. சைட்டில் ஒரு மழைமானி வைத்து, எத்தனை மில்லிமீட்டரானால் மண் வெட்டுவதை நிறுத்துவது, யார் நிறுத்தச் சொல்வது, வெட்டுக்குக் கீழே இருக்கும் லேபர் ஷெட்டை யார் காலி செய்வது என்பதை மழைக்காலத்துக்கு முன்பே எழுதி, தமிழிலும் இந்தியிலும் ஷெட் கதவில் ஒட்டிவிடுங்கள்.