முட்டத்து மேட்டில் ஓங்கல் (டால்பின்) பார்க்கும் வகுப்பு

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்குக் கடல் பாலூட்டிகளை அறிமுகப்படுத்தப் படகு தேவையில்லை. குமரி மாவட்டத்தின் முட்டம் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய மேட்டில், விளிம்பிலிருந்து நன்றாக விலகி அமர்ந்து, இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்தால் போதும். கீழே உள்ள பாறைகளுக்கு எவரையும் இறங்க விடக்கூடாது. தென்மேற்குப் பருவம் அடங்கியபின், காற்று எழுமுன் உள்ள காலை வேளையே உகந்தது. அலை முகட்டில் ஆங்காங்கே வெண்ணுரை பூக்கத் தொடங்கினால், நுரை எது, ஓங்கலின் முதுகுத் துடுப்பு எது என்று தெரியாது, அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

குழுவுக்கு நால்வர். இருவர் பைனாகுலருடன் கடலைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள, ஒருவர் குறிப்பெழுத, நான்காமவர் தன் கண்ணுக்கு ஓய்வு தர வேண்டும். அரை மணிக்கொரு முறை இடம் மாறலாம். தொலைவை அளக்கப் பாகைமானியும், குண்டு கட்டிய நூலும் போதும். கண்மட்டம் கடலிலிருந்து 20 மீட்டர் உயரத்தில் இருந்து, விலங்கு கிடைமட்டத்துக்கு 1 பாகை கீழே தெரிந்தால், அது ஏறத்தாழ 1,150 மீட்டர் தொலைவில் உள்ளது. 2 பாகை என்றால் தொலைவு பாதியாகிவிடும். ஒரு பாகைப் பிழை என்ன செய்யும் என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

என் மாணவர்கள் முதல் நாள் எதையும் காணாமல் வெறும் தாளை நீட்டினார்கள். பார்த்த நேரத்தையும் கடலின் நிலையையும் எழுதி, எண்ணிக்கையில் 0 என்று குறித்தால்தான் அது தரவு.

திமிங்கலத்தின் கொழுப்புப் படலம் உடல்சூட்டைக் காப்பதை வகுப்பறையில் காட்ட, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கிடையே வனஸ்பதியைப் பரப்பி, உள்ளே வெப்பமானியை வைத்து, ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தி, வெறும் பையுடன் ஒப்பிடலாம். நம்மூரில் தேங்காய் எண்ணெய்தான் முதலில் கைக்கு வரும். ஆனால் அது சுமார் 24 டிகிரியில் உறையும்போது வெப்பத்தை வெளியிட்டு அளவீட்டைக் குழப்பும்.

கரையொதுங்கிய விலங்கு மட்டும் செய்முறைக்கு உரியதன்று. 2016 ஜனவரியில் மணப்பாடு பகுதியில் திமிங்கலங்கள் கூட்டமாக ஒதுங்கியதுபோல் இங்கும் நேர்ந்தால், வனத்துறைக்குத் தெரிவித்து, மாணவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், நோய் தொற்றக்கூடும். பரிவோடு தண்ணீர் ஊற்றுபவர்கள் மூச்சுத்துளையிலும் ஊற்றிவிடுவதுண்டு. அது நுரையீரலுக்குள் போகும். எலும்பையோ பல்லையோ ஆய்வகத்துக்கு எடுத்து வருவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.